மாட்டுக்குள்ளே ஒரு மனிதர்!

இங்கிலாந்து தேசத்தில் ஒரு மேய்ச்சல் வெளி. மரம் இல்லை, புதர் இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தான். நடுவில் ஒரு மாடு நிற்கிறது. காலையிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறது. மேயவில்லை. வாலை ஆட்டவில்லை. காதைக்கூட அசைக்கவில்லை.

அதற்குச் சில அடி தூரத்தில், தரையோடு தரையாக, ஒரு வானம்பாடியின் கூடு. தாய்ப் பறவை வாயில் இரையோடு இறங்குகிறது. மாட்டை ஒரு பார்வை பார்க்கிறது. மாடுதானே என்று அலட்சியமாகக் கூட்டுக்குப் போகிறது. குஞ்சுகள் வாயைப் பிளக்கின்றன. அந்தச் சமயத்தில் மாட்டின் உடம்புக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சிறு சத்தம்!

அது மாடே அல்ல, வெறும் தோல். அதற்குள்ளே முதுகைக் கூனிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, காமிராவும் கையுமாக ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

இது நடந்தது 1900-ம் வருஷத்தில். இந்தப் பொய்மாட்டைக் கண்டுபிடித்தவர்கள் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற இரண்டு சகோதரர்கள். யோசனைக்காரர், எழுத்தாளர், பறவை சாஸ்திரம் அறிந்தவர் எல்லாம் மூத்தவர் ரிச்சர்டுதான். அவர் ஒரு கால் ஊனமானவர். வேட்டைக்காரர்கள் பறவைகளைக் கொல்வதற்காகப் பழகிய தந்திரங்களை, அவற்றை உயிரோடு பார்ப்பதற்காகத் திருப்பிவிட்ட பெருமை அவரைச் சேர்ந்தது.

வெட்டவெளியில் வேட்டை

அந்தத் தந்திரம் என்னவென்று தெரியவேண்டுமானால், இங்கிலாந்துக் குடியானவர்களின் புறா வேட்டையை முதலில் பார்க்கவேண்டும்.

நம் கோயில் கோபுரங்களில் வாழும் மாடப்புறாவைவிடப் பெரியது அந்த ஊர்க் காட்டுப் புறா. கழுத்தின் பக்கத்தில் வெள்ளைத் திட்டு. சிறகில் வெள்ளைப் பட்டை. பார்க்க அழகுதான். ஆனால் பட்டாணி, கோஸ், கடுகு இனப் பயிர்கள், தானியம் எதையும் விட்டுவைக்காது. கூட்டங்கூட்டமாக இறங்கினால் வயலை மொட்டையடித்துவிட்டுத்தான் எழும். பிரிட்டனில் இந்தப் புறா 50 லட்சம் ஜோடிக்குமேல் இருக்கிறது. பயிர்ச் சேதத்தைத் தடுப்பதற்காக, அரசாங்கத்தின் பொது அனுமதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இன்றும் அதைச் சுடுகிறார்கள்.

சுடுவது என்றால் லேசான காரியம் அல்ல. புறாவின் கண்கள் தலையின் இரண்டு பக்கங்களிலும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் அது பார்க்கும். மனிதனுடைய முகம் வெளுப்பாகத் தெரிந்தால் போதும். கை சற்று அசைந்தால் போதும். கூட்டம் முழுவதும் சிறகைத் திருப்பிக்கொண்டு போய்விடும். வேட்டைத் துப்பாக்கியின் ரவைகளோ சுமார் 40 கஜத்துக்குமேல் பயன்படுவதில்லை. ஆகையால் புறாவைத் தேடிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒளிந்திருந்து புறாவை வரவழைக்கவேண்டும்.

வயலோரத்தில் உயிர்வேலி இருந்தால் கவலை இல்லை. வேலியை முதுகுக்கு வைத்துக்கொண்டு, எதிரே நாலு கழியை நட்டு வலையைக் கட்டி, இலை தழைகளைச் செருகிவிட்டால் மறைவு தயார். வேலி இல்லாத வெட்டவெளியில்தான் சங்கடம். அங்கே புதிதாக எதை வைத்தாலும் அது துருத்திக்கொண்டு தெரியும். பசேல் என்றிருக்கும் வயலின் நடுவில் காய்ந்த தழைக் குவியல் ஒன்று திடீரென்று முளைத்தால் எந்தப் புறா நம்பும்?

அனுபவசாலிகள் அவசரப்படுவதில்லை. புறாக்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எந்த மரவரிசையை ஒட்டிப் பறக்கின்றன, வயலில் எந்த மூலையில் இறங்குகின்றன என்று பொறுமையாகக் கவனிக்கிறார்கள். தங்களுக்குச் சௌகரியமான இடத்தில் மறைவை வைப்பதில்லை. புறாவுக்குப் பிடித்த இடத்தில் வைக்கிறார்கள். மறைவை உயரமாகக் கட்டுவதும் இல்லை. அந்த வயலில் என்ன விளைந்திருக்கிறதோ அதையே பிடுங்கி வலையில் கட்டுகிறார்கள். அறுவடை முடிந்து வைக்கோல் கட்டுகள் வயலில் கிடக்கும் காலமாக இருந்தால் அதிர்ஷ்டந்தான். நாலைந்து கட்டுகளை அடுக்கி நடுவில் உட்கார்ந்துவிடலாம். பக்கத்திலும் வைக்கோல் கட்டு, தூரத்திலும் வைக்கோல் கட்டு. புறாவுக்குச் சந்தேகமே வராது.

எதிரே பொய்ப் புறாக்களைப் பரப்பி வைப்பார்கள். நம் ஊர் வேடர்கள் 'பார்வை' வைத்துப் பிடிப்பது என்று சொல்லுவார்களே, அதே வித்தைதான். பறவைகள் காற்றை எதிர்த்து இறங்கும் வழக்கமுள்ளவை. அதனால் பொய்ப் புறாக்களின் முகமும் பெரும்பாலும் காற்றுக்கு எதிராக இருக்கவேண்டும். நடுவில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விடவேண்டும். வருகிற புறா அந்தக் காலி இடத்தில் வந்து இறங்கப் பார்க்கும். துப்பாக்கி அந்த இடத்தைக் குறி வைத்திருக்கும்.

இந்தச் சாமர்த்தியம் நேற்றுத் தோன்றியதும் அல்ல, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. ஐரோப்பாவில் பழைய காலத்து வேடர்கள் பழக்கிய குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டு, அதன் மறைவில் நடந்து பறவைகளை நெருங்குவார்கள். நம் நாட்டில், மராட்டியம் முதலிய பகுதிகளில் பார்தி என்ற வேட்டைச் சாதியாரில் ஒரு பிரிவுக்கே மாட்டின் பெயர் உண்டு. பழக்கிய மாட்டின் மறைவில் போய் வேட்டையாடுவது அவர்களுடைய பரம்பரைத் தொழில். எல்லா இடத்திலும் சூத்திரம் ஒன்றுதான். வெட்டவெளியில் மனிதன் மறைந்துவிட முடியாது. அங்கே வழக்கமாக இருக்கிற ஏதோ ஒரு பொருளாக மாறிவிடவேண்டும்.

மரத்திலிருந்து விழுந்த பையன்

ரிச்சர்டு கியர்ட்டன் 1862-ம் வருஷம் ஜனவரி மாதம் 2-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் துவெய்ட். இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில் உள்ள ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் அது ஒரு சின்னஞ்சிறு கிராமம். தகப்பனார் ஆடு வளர்க்கும் குடியானவர். மேட்டு நிலம், கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், குளிர்காலத்தில் பனி. பையன்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் பறவைக் கூடு தேடுவது ஒன்றுதான்.

கூடு தேடுவது என்றால் முட்டை எடுப்பது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் முட்டை சேகரிக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. தபால் தலை சேர்ப்பதுபோலப் பெரிய கனவான்களும் பறவை முட்டைகளைச் சேர்த்துப் பஞ்சுப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். பையன்களும் அவர்களைப் பார்த்து மரம் ஏறினார்கள்.

ரிச்சர்டும் ஏறினான். ஒரு நாள் விழுந்தான். இடுப்பு மூட்டு விலகிவிட்டது. வைத்தியம் சரியாக அமையவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அன்றையிலிருந்து ஆயுள் முழுவதும் நொண்டி நடைதான்.

மலைநாட்டில், ஆடு மேய்த்துப் பிழைக்கிற குடும்பத்தில், பையனுக்குக் கால் ஊனமாவது என்றால் அதன் கஷ்டம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஓடிப்போய்ப் பறவையைத் துரத்த அவனால் முடியாது. மற்றப் பையன்கள் துரத்தினார்கள், அவன் உட்கார்ந்தான். கல் சுவரின் மறைவில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தான்; காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அந்த மேட்டு நிலங்களில் கிரவுஸ் என்று ஒரு பறவை உண்டு. நம் காட்டுக்கோழியைப் போன்றது. பெட்டையின் குரலைக் கேட்டால் சேவல் தேடி வரும். ரிச்சர்டு அந்தக் குரலை அச்சாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டான்.

இந்தக் குரல்தான் அவனுக்குச் சோறு போட்டது!

வருஷந்தோறும் ஆகஸ்டு 12-ந் தேதி கிரவுஸ் வேட்டை தொடங்கும். லண்டனிலிருந்து பணக்காரர்கள் துப்பாக்கியும் நாய்களுமாக வந்து இறங்குவார்கள். 1882-ல் அப்படி வேட்டைக்கு வந்தவர்களில் சிட்னி கால்பின் என்பவர் ஒருவர். அவர் லண்டனில் பெயர்பெற்ற காசெல் புத்தகக் கம்பெனியைச் சேர்ந்தவர். நொண்டி நடக்கும் ஓர் இருபது வயது இளைஞன் குரல் கொடுத்தே பறவைகளை வரவழைப்பதைக் கண்டு அவர் அசந்துபோனார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பையனிடம் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. தம் கம்பெனியில் உத்தியோகம் தருவதாகச் சொன்னார்.

புத்தகக் கம்பெனிக்கும் கிரவுஸ் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு யாராவது கேட்கலாம். கால்பின் கேட்கவில்லை. நல்லவேளை!

குமாஸ்தா எழுத்தாளர் ஆனார்

லண்டனில் ரிச்சர்டு 16 வருஷம் உழைத்தார். பகலில் கம்பெனி வேலை. ஓய்வு நாட்களில் ரயில் ஏறி ஊருக்கு வெளியே போய்ப் பறவை பார்த்தல். கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தன. 1890-ல் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். முட்டை சேகரிக்கும் பையன்களுக்கான புத்தகம் அது. அப்போதும் அவர் பழைய வழியிலேதான் இருந்தார்.

அவர் தம்பி செர்ரி ஒன்பது வயது இளையவர், 1871-ல் பிறந்தவர். அவரும் லண்டனுக்கு வந்து அதே கம்பெனியில் சேர்ந்தார். கால் திடமானவர், துணிச்சல்காரர், காமிராப் பைத்தியம் வேறு. 1892-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, லண்டனுக்கு அருகில், பாட்டுக்குருவி ஒன்றின் கூட்டையும் அதில் இருந்த முட்டைகளையும் செர்ரி போட்டோ எடுத்தார். படம் நன்றாக விழுந்தது. அதைப் பார்த்த ரிச்சர்டின் மூளையில் ஒரு யோசனை பளிச்சிட்டது. பறவைப் புத்தகங்களில் அதுவரையில் ஓவியர்கள் வரைந்த படங்கள்தான் இருந்தன. செத்துப்போன பறவையைப் பாடம் செய்து எதிரே வைத்துக்கொண்டு வரைவது வழக்கம். எல்லாப் படங்களையும் இயற்கையிலேயே, இருந்த இடத்திலேயே போட்டோ பிடித்து ஒரு புத்தகம் போட்டால் என்ன?

மூன்று வருஷம் அலைந்தார்கள். உத்தியோகத்தையும் விடவில்லை. விடுமுறை நாட்கள்தான் கணக்கு. கண்ணாடித் தகடுகள், மரக் காமிரா, முக்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் சுற்றினார்கள். உயரமான வேலியில் கூடு இருந்தால் காமிராவின் கால்களை நீட்டி வைத்துவிட்டு, செர்ரி அண்ணனின் தோளில் ஏறி நிற்பார். கால் ஊனமானவர் ஏணி ஆனார்! செங்குத்தான பாறைகளில் கூடு இருந்தால் செர்ரி கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார்.

1895-ல் 'பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகள்' என்ற புத்தகம் வெளிவந்தது. இயற்கையில் எடுத்த போட்டோக்களையே முழுவதும் படங்களாகக் கொண்ட முதல் பறவை நூல் என்று அதைப் போற்றுகிறார்கள். எழுத்து அண்ணனுடையது, படம் தம்பியுடையது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். கூடுகளை எங்கே, எப்போது, எப்படித் தேடுவது என்று விளக்கமாகச் சொல்லும் புத்தகம் அது. பறவைப் பிரியர்களும் அதைப் படிக்கலாம். முட்டைத் திருடர்களும் படிக்கலாம். படித்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பதை மொத்தமாகத் தடுத்த சட்டம் 1954-ல்தான் வந்தது. அதுவரையில் 60 வருஷ காலம் அந்தப் புத்தகம் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வழிகாட்டியாக இருந்திருக்கும். ஆனால் முட்டையை எடுத்துப் பெட்டியில் வைப்பதைவிட அதன் படத்தை எடுத்துக்கொண்டு போவது சிறந்த ஆட்டம் என்பதை அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் கண்ணுக்கு முன் காட்டியது. வெறும் உபதேசத்தால் அந்தக் காரியம் நடந்திருக்காது.

மறு வருஷம், 1896-ல், சகோதரர்கள் செயிண்ட் கில்டா தீவுக்குப் போனார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஸ்காட்லாந்துக்கு மேற்கே தனித்துக் கிடந்த தீவு. அங்கே குடியிருந்த சில குடும்பத்தார் கடற்பறவைகளைப் பிடித்தே பிழைத்தார்கள். பறவையின் மாமிசம் ஆகாரம், அதன் எண்ணெய் விளக்குக்கு, இறகு விற்பனைக்கு. ஆண்பிள்ளைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறை விளிம்புகளில் பறவை பிடிப்பதைக் கியர்ட்டன் சகோதரர்கள் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். 1930-ல் கடைசிக் குடும்பங்களும் தீவை விட்டு வெளியேறிவிட்டன. அந்த ஜனங்களின் வாழ்க்கைக்கு இந்தப் படங்கள் இன்று சாட்சி.

கூட்டைப் படம் எடுத்தாயிற்று. கூட்டில் உள்ள பறவையை எடுப்பது எப்படி? அதுதான் அடுத்த கேள்வி.

மரம், மாடு, ஆடு!

துப்பாக்கிக்காரனுக்கு 40 கஜம் போதும். அக்காலத்துக் காமிராவுக்கோ சில அடி தூரத்துக்குள் பறவை வரவேண்டும். துப்பாக்கிக்காரனுடைய வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். பறவை மிரண்டு போனால் வேறு பறவை வரும். போட்டோக்காரனுக்குக் குறிப்பிட்ட ஒரே ஒரு பறவைதான் வேண்டும். அது மிரண்டு கூட்டைக் கைவிட்டால் குஞ்சுகள் பட்டினியாய்ச் சாகும். ஆகையால் வேட்டைக்காரனுடைய மறைவைவிடப் பத்து மடங்கு நல்ல மறைவு அவருக்குத் தேவைப்பட்டது.

ரிச்சர்டு யோசித்தார். பறவை எதற்கெல்லாம் பயப்படுவதில்லை? மரத்துக்குப் பயப்படுவதில்லை. ஆகவே ஒரு பொய்மரம் செய்தார். மூங்கிலும் கம்பியும் கொண்டு அடிமரம்போல் ஒரு கூடு, அதன்மேல் துணி, துணியில் மரப்பட்டைபோல வர்ணம், ஒட்டவைத்த பாசியும் கொடியும். உள்ளே ஒருவர் நிற்கலாம். காட்டோரத்தில் அது பிரமாதமாகப் பலித்தது. கற்களுக்கு நடுவில் கல் மாதிரி ஒரு மறைவு, குப்பைமேட்டில் குப்பை மாதிரி ஒரு மறைவு என்று வகைவகையாகச் செய்தார்.

வானம்பாடியும் ஆட்காட்டிக் குருவியும் மரத்துப் பக்கம் கூடு கட்டுவதில்லை. திறந்த வெளியில், தரையில்தான் முட்டையிடும். மேய்ச்சல் வெளியின் நடுவில் ஒரே நாளில் மரம் முளைக்குமா? புறா வேட்டைக்காரன் திண்டாடும் அதே திண்டாட்டம் ரிச்சர்டுக்கும் வந்தது. அவன் வைக்கோல் கட்டுக்குள் புகுந்தான். இவர் மாட்டுக்குள் புகுந்தார்.

ஒரு மாட்டின் தோலை வாங்கினார்கள். லண்டன் பிக்கடில்லி வீதியில் ரோலண்டு வார்டு என்று ஒரு ஸ்தாபனம் இருந்தது. ராஜாக்களும் பிரபுக்களும் சுட்ட புலி, சிங்கங்களைப் பாடம் செய்து கொடுப்பதில் உலகப் பிரசித்தி பெற்றது. அங்கே போய், உள்ளே ஒன்றும் அடைக்காமல், ஆள் புகும்படியாக மாட்டைச் செய்து தரவேண்டும் என்றார்கள். வேட்டையின் வெற்றிச் சின்னங்களைச் செய்துவந்த கடை, வேட்டையே இல்லாத ஒரு வேலைக்காக ஒரு மாட்டைச் செய்துகொடுத்தது.

மாட்டைச் சுமந்துகொண்டு போய் வயலில் நிறுத்துவார்கள். ஒருவர் உள்ளே போவார். நிமிர முடியாது, உட்காரவும் முடியாது. துவாரத்தின் வழியாகக் காமிராவின் கண் எட்டிப் பார்க்கும். வெயில் ஏறினால் தோலுக்குள் அடுப்பு மாதிரிதான். பறவை வரும்வரையில் தும்மக்கூடாது, இருமக்கூடாது. மணிக்கணக்கில் அப்படியே நிற்கவேண்டும். இரண்டு கால் சரியாக உள்ளவனுக்கே இது நரகவேதனை. ஒரு கால் குட்டையான மனிதர் இதைத் தாங்கினார் என்பதை நினைக்கும்போது, வேடிக்கை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஒரு தடவை மாட்டுக்குள் இருந்தவருக்கு மயக்கம் வந்துவிட்டது. மாடு அப்படியே சாய்ந்தது. நாலு காலும் ஆகாயத்தைப் பார்த்தன. உள்ளே இருந்தவரால் வெளியே வர முடியவில்லை. அடுத்த சகோதரர் வந்து பார்த்தார். உடனே தூக்கிவிட்டாரா? இல்லை. முதலில் அந்தக் கோலத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்! நாலு காலும் மேலே தூக்கிக் கிடக்கும் அந்த மாட்டின் படம் இன்றும் இருக்கிறது.

மாட்டுக்குப் பிறகு ஆடு வந்தது. ஆட்டுத் தோலுக்குள் ஆள் புக முடியாது. ஆகவே காமிராவை மாத்திரம் உள்ளே வைத்து, நீளமான ரப்பர் குழாயை அதோடு இணைத்து, தூரத்தில் ஒளிந்திருந்து குழாயில் காற்றை அழுத்திப் படம் எடுத்தார்கள். ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை.

1903-ல் வந்த ஒரு புத்தகத்தில் ரிச்சர்டு இந்த மறைவுகளைப் பற்றிப் படங்களுடன் எழுதினார். ஜனங்கள் பறவைகளைப் பார்த்து மகிழ்ந்தார்கள். மாட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். மாட்டின் புகழ் பறவைகளின் புகழைத் தாண்டிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

துணிந்த முடிவு

இந்த மாட்டு விளையாட்டுக்கு இரண்டு வருஷம் முன்பே, 1898-ல், ரிச்சர்டு ஒரு பெரிய காரியம் செய்துவிட்டார். கம்பெனி வேலையை விட்டுவிட்டார். மாதாமாதம் சம்பளம் வரும் 16 வருஷ உத்தியோகம்! பெண்டாட்டி, பிள்ளைகள் உள்ளவர். வயதும் முப்பத்தாறு ஆகிவிட்டது. பறவையைப் பற்றி எழுதியும் பேசியும் குடும்பம் நடத்தமுடியுமா என்று எவருக்கும் சந்தேகம் வரும். லண்டனுக்குத் தெற்கே சர்ரே ஜில்லாவில் காட்டர்ஹாம் என்ற ஊரில் குடியேறினார். பேனாவையும் மாஜிக் லாந்தர் விளக்கையும் நம்பி வாழ்க்கையைத் தொடங்கினார்.

நம்பிக்கை வீண்போகவில்லை. பிரசங்கத்தில் அவர் கெட்டிக்காரர். ஊர் ஊராகப் போவார். வெள்ளைத் திரையில் பறவைகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். மேடையில் நொண்டி நடந்துகொண்டே, யார்க்ஷயர் குடியானவன் பேச்சில், சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லுவார். சபை நிறைந்து வழியும். புத்தகங்களும் வருஷத்துக்கு வருஷம் வந்தன. செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட் 18-ம் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்று நூல் இங்கிலாந்தில் பிரசித்தமானது. கியர்ட்டன் சகோதரர்களின் படங்களோடு அதற்கு ஒரு புதுப் பதிப்பும் வந்தது.

நாளடைவில் தம்பியின் வழி வேறாயிற்று. செர்ரிக்கு இங்கிலாந்தின் வேலியும் வயலும் போதவில்லை. 1900-ல் காட்டுப் பறவைகளின் பாட்டை மெழுகு உருளையில் பதிவு செய்தார். 1908-ல் ஆகாயக் கப்பலில் ஏறி லண்டன் நகரைப் படம் பிடித்தார். பிறகு சினிமாக் காமிராவோடு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே 1909-ல் வேட்டையாட வந்திருந்த அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைப் படம் எடுத்தார். சிங்கம், சிம்பன்சி, பெங்குயின் என்று பெரிய பெரிய படங்கள்! தம்பியின் பெயர் உலகமெங்கும் பரவியது. 1940-ல், லண்டன் ரேடியோவில் குழந்தைகளுக்காகப் பேசிவிட்டு வெளியே வந்தவர் அங்கேயே காலமானார். பிற்காலத்தில் டெலிவிஷனில் இயற்கைப் படங்களால் பெயர்பெற்ற டேவிட் அட்டன்பரோ, சிறுவனாக இருந்தபோது செர்ரியின் படங்களில் சொக்கிப்போனவர்.

அண்ணன் இங்கிலாந்தைவிட்டு அப்படிப் போகவில்லை. சாதாரணப் பறவைகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பிரிந்த பிறகு காமிராவையும் தாமே கையில் எடுத்தார். 1926-ல் தம் வாழ்க்கைக் கதையை எழுதி வெளியிட்டார். அதற்கு இயற்கை ஆராய்ச்சியாளர் ஒருவரின் யாத்திரை என்ற பொருள்படப் பெயர் வைத்தார். 1928-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி காட்டர்ஹாமில் காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

அவர் காலத்திலேயே மாடும் மரமும் மூலைக்குப் போய்விட்டன. நாலு கழியும் ஒரு துணியும் கொண்ட சிறு கூடாரம் போதும் என்று பின்னால் வந்த போட்டோக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அதைக் கூட்டுக்கு வெகுதூரத்தில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்தால், பறவை அதற்கும் பழகிவிடுகிறது. இன்று சதுப்பு நிலங்களில் பொதுஜனங்களுக்காக மரத்தால் கட்டிய மறைவறைகள் இருக்கின்றன. பெஞ்சியில் சௌகரியமாக உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பறவை பார்க்கலாம். இங்கிலீஷில் வேட்டைக்காரனுடைய மறைவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான்.

துவெய்ட் கிராமத்தில் கியர்ட்டன் சகோதரர்களின் வீட்டு நிலைக்கல்லில் பறவை, மிருக உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஊரான மியூக்கரில், பழைய பள்ளிக்கூடத்துச் சுவரில், இருவருக்கும் நினைவுக் கல் பதித்திருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள மேட்டு நிலங்களில் கிரவுஸ் வேட்டைக்கு நாள் இன்றும் ஆகஸ்டு 12-ந் தேதிதான்.